நாற்பத்தொன்றாம் எண் பேசுகிறார்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அத்தானும் நலம்தானே? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் நாக்கால் ஆட்டிக்கொண்டே திரிகிறாளா?

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, என் முழங்காலைப் பற்றி இனிமேல் மறைத்துப் பயனில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஏணி, குழி எதுவும் கிடையாது. உட்கார்ந்து செய்யற வேலையா பாருங்க" என்று சொல்லிவிட்டார். பதினாறு வருடம் லிஃப்ட் குழிக்குள் தொங்கியவனிடம் உட்காரச் சொல்கிறார்.

மேனேஜர் நல்ல மனிதர். வெளியே போ என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு நாற்காலி காலியாகிறது. ஒன்றை எனக்கும், இன்னொன்றைக் கண் மங்கிக்கொண்டு வரும் எங்கள் வெல்டருக்கும் தருகிறேன் என்கிறார். அங்கே என்ன வேலை தெரியுமா? லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இன்டர்காமில் குரல் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசிக்கொண்டே, அக்கா! நான்!

அதற்கு ஒரு நிபந்தனை. இணையத்தில் ஒரு பயிற்சி. ஐந்து கட்டுரை எழுத வேண்டும், ஐந்து முறை நான்கு நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். எழுத்து எப்படியோ வந்துவிடும். பேச்சில் ஐந்துக்கு மூன்று மார்க் சராசரி இருந்தால் நாற்காலி. மே மாதத்துக்குள் அது வராவிட்டால் வேலை இல்லை.

ஒரு கெஞ்சல். நீ மேனேஜருக்குப் போன் செய்யாதே. "அவனுக்குப் பதில் தெரியும் டீச்சர், நான் சொல்றேன்" என்று வகுப்பு விட்டு வகுப்பு வந்து நின்றாயே, அந்தக் கதையெல்லாம் போதும். முதல் வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும். நீ 'உம்' என்று கூப்பிடும் நானே இந்த ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் உம்

---

ஜனவரி 21

என் அருமை உம்முக்கு,

உன் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. குட்டிக்குப் பல் விழுந்தது, கூடவே காய்ச்சலும் வந்தது. இன்றைக்குப் பரவாயில்லை, மாத்திரையைத் துப்பும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. நீ இத்தனை நாள் காலை மூடி மறைத்தாயே, உன் பெண்டாட்டியாவது எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? இருவரும் நல்ல ஜோடி.

கடிதத்தில் பாதி படித்ததுமே மேனேஜர் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். மீதியைப் படித்ததும் போனைக் கீழே வைத்தேன். ஒரே ஒரு வார்த்தை, "என் தம்பி தங்கமான பையன் சார்" என்று மட்டும் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

நீ பேச்சுப் பயிற்சி என்று எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் இப்போது பேச்சுக்கு மார்க் போடுகிறவள். நீங்களெல்லாம் என்னை ரேடியோ என்று கூப்பிட்டீர்களே, அந்த ரேடியோ இப்போது வாயை மூடிக்கொண்டு ஊர்ப்பட்ட பேரின் பேச்சைக் கேட்கிறது! ஓர் இணையப் பள்ளிக்காகச் செய்கிறேன். சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். பதிவு வரும் நாட்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே நாளில் இருபது கேட்க வேண்டும். கட்டுரைகள் தனி. பெயர், ஊர் எதுவும் எங்களுக்குக் காட்ட மாட்டார்கள், வெறும் எண்தான். தெரிந்தவர் யாராவது என்று பட்டால் மார்க் போடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அது கண்டிப்பான விதி. நேற்று ஒரு கை குட்டியின் நெற்றியில், ஒரு கை மவுஸில். எப்படியோ இருபதையும் முடித்துவிட்டேன்.

உன் பயிற்சி எந்தப் பள்ளியில்? பெயரை எழுது. எங்கள் பள்ளி இல்லையென்றால் அங்கே யாரையாவது பிடித்து... சரி சரி, எதுவும் செய்ய மாட்டேன்.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா

---

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியின் காய்ச்சல் முழுக்க விட்டதா? ஒத்தடம் நடக்கிறது. உன் தம்பி மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிறாள், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது.

முதல் பதிவை அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதினேழு தடவை. பதினெட்டாவதில் அவள், "அனுப்புங்க, இதுக்கு மேல நல்லா வராது" என்று சொல்லிவிட்டாள். ஆறுதலா, திட்டா, தெரியவில்லை.

ஐந்துக்கு ஐந்து வந்திருக்கிறது.

யாரோ தவறிப்போய் அழுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே. என் பேச்சைப் பற்றி யாரும் நல்லதாக எழுதியது இதுதான் முதல் தடவை.

வெல்டருக்கு இரண்டு. ஆச்சரியம்தான். அவர் வாயைத் திறந்தால் கேன்டீனே திரும்பிப் பார்க்கும். "என்னப்பா, ஊமை ஜெயிச்சிட்டே, நான் தோத்துட்டேன்" என்று தோளில் தட்டினார். சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

அன்புடன்,
உம்

---

பிப்ரவரி 20

தங்கத் தம்பிக்கு,

ஐந்துக்கு ஐந்தா! குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள், "மாமா பரிச்சைல பாஸா?" என்று கேட்டாள். அத்தான் நம்பவில்லை. உன்னைப் பெண் பார்க்கப் போனபோது நான்தானே உனக்காக முக்கால் மணி நேரம் பேசினேன், நீ "உம்" என்று மட்டும் சொன்னாய், அதையே சொல்லிச் சிரிக்கிறார்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன் கேள். அடேயப்பா, என்ன வேகம்! ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள். மூச்சு விடுவதில்லை. நானும் "மெதுவாகப் பேசுங்கள்", "மெதுவாகப் பேசுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் எழுதி விரல் தேய்ந்துவிட்டது. இரண்டு மார்க்குக்கு மேல் போட மனம் வரவில்லை. உலகத்துக்கே என்ன அவசரமோ.

ஒரே ஒருவர் விதிவிலக்கு. நாற்பத்தொன்றாம் எண். ஓய்வுபெற்ற நீதிபதியாக இருப்பார் என்று என் ஊகம். மழைக்கு ஒதுங்கிய நாளைப் பற்றிப் பேசினார். பேருந்து நிழற்குடையில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு மணி நேரம் நின்றாராம், இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். அதையே நான்கு நிமிடம் அத்தனை அழகாகச் சொல்கிறார்! நான் இப்படிக் குறிப்பு எழுதினேன்: "நிறுத்தி, நிதானமாக, கேட்பவருக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறீர்கள். மற்றவர்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்." நீயும் அவர் மாதிரி பேசப் பழகிக்கொள்.

உன் பயிற்சி எந்தப் பள்ளி என்று கேட்டேனே?

அக்கா

---

மார்ச் 14

அன்புள்ள உம்முக்கு,

இங்கே சுகம். அங்கே? இருபது நாளாகத் தபால்காரர் என்னைப் பார்த்தால் கையை விரித்துவிட்டுப் போகிறார். கால் மோசமாகிவிட்டதா? என் கடிதத்தில் ஏதாவது மனசுக்கு வருத்தமாக எழுதிவிட்டேனா? பெண் பார்த்த கதையை எழுதினது தப்பு. ஒரு கார்டாவது போடு.

அக்கா

---

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

கால் தேவலை. வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை கொஞ்சம் அதிகம், அதுதான் எழுத முடியவில்லை. இங்கே வெயில் ஏறிவிட்டது.

மூன்றாவது பதிவுக்கும் எனக்கு ஐந்து. வெல்டருக்கு மூன்றாவது தடவையும் இரண்டு. மனிதர் ஆளே மாறிவிட்டார். மெதுவாகப் பேசிப் பழகுகிறேன் என்று தூக்கத்தில் நடப்பவர் மாதிரி பேசுகிறார். டீ கேட்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். நேற்று மதியம் அவர் பட்டறை மூலையில் தனியாக உட்கார்ந்து, "இத்தனை நாள் நான் பேசினது யாருக்குமே புரியலையாப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் வராது, அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உம்

---

மார்ச் 26

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் மூன்று நாள் முன்பே ஆயிற்று. உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

நீ பதிவுகளைக் கேட்கும் திரையில், ஓடும் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண் இருக்கும். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் பழைய அழைப்புகளைப் போட்டுக் கேட்கும் இயந்திரத்திலும் அப்படி ஒன்று உண்டு. உன்னுடையதில் அது ஒன்று என்று இருக்கிறதா என்று பார். வேறு எதுவாக இருந்தாலும் மாற்று. மாற்றிவிட்டுப் பழையதில் நாலைந்தைத் திரும்பக் கேள்.

ஏன் என்று கேட்காதே.

உம்

---

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பு பிறகு. ஒன்றரை என்று இருந்தது.

ஒன்றரை வேகம்! குட்டிக்குக் காய்ச்சல் அடித்த அன்று சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நானேதான் அழுத்தியிருக்கிறேன். சுத்தமாக மறந்துபோனேன். அதுவும் நான் வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல்! ஒன்றுக்கு மாற்றிப் பத்துப் பேரைக் கேட்டேன். பாவிகளா, எவ்வளவு ஒழுங்காகப் பேசியிருக்கிறார்கள்! அவசரக்காரி நான். அறுபத்துமூன்று பேருக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு உன் வெல்டர் நினைவுக்கு வந்தார். அவர் மாதிரி எத்தனை பேர் என்னால் வீட்டில் தூக்கத்தில் நடக்கிறார்களோ. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கும் முதல் வார்த்தை மாட்டிக்கொண்டது.

அந்த அம்மா எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நீங்களா சொன்னதால தெரிஞ்சுது. இல்லன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். "வேலை போயிடுமா மேடம்?" என்றேன். "போனா யார் இத்தனையையும் திரும்பக் கேக்கறது? உக்காந்து கேளுங்க" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. பதினைந்து நாள் கெடு. எல்லா மார்க்கையும் திருத்தி, ஒவ்வொருவருக்கும் மன்னிப்பு எழுத வேண்டும்.

அதெல்லாம் இருக்கட்டும். பார்க்காத மேஜையில் இருக்கும் பார்க்காத எண் உனக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா

---

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நலம்.

திரும்பக் கேட்கும் வேலை முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு மார்க் ஏறிவிட்டது. மன்னிப்புக் கடிதத்துக்கு நிறையப் பேர் பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும் திட்டியிருந்தார், அது நியாயம்தான்.

ஒரே ஓர் எண்ணை மட்டும் விதிப்படி மேற்பார்வையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் போட்ட மார்க்கெல்லாம் ரத்து. வேறொருவர் முதலிலிருந்து கேட்டு மார்க் போடுவார். யார் அவர் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் பயிற்சி எந்தப் பள்ளி என்று இனிமேல் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

மூன்று. சரியாக மூன்று. அரை மார்க் குறைந்திருந்தால் நான் வீட்டில். முகம் தெரியாத அந்த மனிதர் இப்படி எழுதியிருக்கிறார்: "முதல் வார்த்தை வரத் தாமதமாகிறது. இடைவெளிகள் நீளம். ஆனால் கேட்கும்போது பதற்றம் அடங்குகிறது." உன் தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு, "இதைத்தான் நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன்" என்கிறாள். இவள் எப்போது சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வெல்டருக்கு நான்கு. கேன்டீனில் அவர் சத்தம் தாங்க முடியவில்லை. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரிக் கடிதத்தில் உன் குறிப்பை எழுதியிருந்தாயே, அதே வரிகள்தான் என் பர்ஸில் இருந்த காகிதத்திலும். உன்னிடம்தான் மாட்டியிருக்கிறோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெல்டர் வேகம், நான் சரி என்றால் கேட்கிற இடத்தில்தான் கோளாறு என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது, மெக்கானிக் இல்லையா. தெரிந்தும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் ஐந்து போய்விடும், நாற்காலியும் போய்விடும். அதைவிட, நீதிபதி போய்விடுவார். ஊமை நல்ல சாக்கு, அக்கா. பேச வராதவன் பேசாமல் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வெல்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மதியம் முதல் சிவப்பு விளக்கு. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் ஓர் அம்மா, தனியாக. "யாராவது இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?" என்று அலறுகிறார். என் தொண்டை வழக்கம்போல் பூட்டிக்கொண்டது. நாலைந்து நொடி. பிறகு, "இ... இருக்கேம்மா. கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பியாச்சு" என்றேன். இருபத்தைந்து நிமிடம், அக்கா. என் பேச்சு நின்று நின்று வருவதற்கு அவர் மூச்சும் மெல்ல மெல்ல நிதானமாகிவிட்டது. கதவு திறந்ததும், "அந்தத் தம்பி எங்கே?" என்று கேட்டாராம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்தப் பதிவில் என்னைக் கண்டுபிடித்தாய்?

உன் உம்

---

மே 17

என் செல்லத் தம்பிக்கு,

நலமாக இரு, நாற்காலியோடு நீடூழி இரு. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நான் அழுததால் மீதியை அவர்தான் படித்தார். "இருக்கேம்மா" என்ற இடத்தில் அவருக்கும் குரல் கம்மிவிட்டது, ஜலதோஷம் என்று சமாளித்தார். குட்டி இன்று காலையிலிருந்து பீரோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, "மாமா, கதவைத் திறங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மாதம் மறைத்தாயே, கள்ளா! நேரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனாலும் கடைசியில் சொன்னது நீதான். எனக்கும் அறுபத்துமூன்று பேருக்கும் சேர்த்து நீ பேசியிருக்கிறாய்.

கேட்டதற்குப் பதில். முதல் பதிவிலேயே. வேகத்தை ஒன்றுக்கு மாற்றிவிட்டு நாற்பத்தொன்றைப் போட்டேன். நீதிபதி வரவில்லை. நான்கு நொடிக்கு ஒன்றுமே இல்லை, மூச்சு மட்டும். பிறகு "ம... ம... மழை". ஒன்றரை வேகத்தில் இது வெறும் கனைப்பாகக் கேட்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். அந்த "ம"வை உலகத்தில் எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். உடனே அந்த மீதி வார்த்தையைச் சொல்ல என் வாய் திறந்துவிட்டது, யாருமில்லாத அறையில். மூடிக்கொண்டேன். விதிப்படி அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. நீ அனுப்பியிருந்த எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டேன், அவசரமில்லாமல். மார்க் போட வேண்டாம் என்று ஆன பிறகு கேட்பது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர், "சொந்தத் தம்பி குரலே தெரியலையா?" என்று கேட்டார். வேகம் மாறியிருந்ததால் தெரியவில்லை மேடம் என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த "ம"தான் எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வருவது தெரியாது. நாற்பது வருடமாக நீ ஆரம்பிப்பாய், நான் முடித்து வைப்பேன். நீ சேர்ந்தாற்போல் நான்கு நிமிடம் பேசி நான் கேட்டதே இல்லை. பேச விட்டதே இல்லை.

உனக்கு நல்ல குரல். எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாமல் போயிற்று.

உன் அக்கா